தேவயானி கொடுத்த மாத்திரை

சின்னராஜ் சாப்பிட்டுக் கை கழுவியதும் எதிரில் தேவயானி நிற்பாள். உள்ளங்கையில் மஞ்சள் மாத்திரை, இன்னொரு கையில் தண்ணீர்ச் சொம்பு. அவன் முழுங்கிவிட்டேன் என்று சொன்னால் மட்டும் போதாது, வாயைத் திறந்து காட்டவும் வேண்டும். புளியமரத்தின் உச்சிக் கொப்பில் நின்று உலுக்குகிற ஆம்பிளை, பொண்டாட்டி முன்னால் ‘ஆ’ என்று வாயைப் பிளந்துகொண்டு நிற்பதைப் பார்த்து அந்த ஊரில் சிரிக்காத ஆள் கிடையாது. சிரிக்கட்டுமே. சிரித்தவர்களில் ஒருத்தராவது அந்த முதல் வருஷம் அவள் பட்ட பாட்டைப் பட்டாரா?

கல்யாணத்துக்கு முன்னாலேயே வந்த நோய் அது. பெருங்குடலில் புண். பெண் கேட்டு வந்தபோது இதை ஒருத்தரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அவள் அவனைத்தான் கட்டிக்கொண்டிருப்பாள், அது வேறு விஷயம். கல்யாணம் ஆன சந்தோஷத்தில் உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று அவனே மாத்திரையை விட்டுவிட்டான். மழை நேரம். முதலில் வயிற்று வலி, பிறகு சளியும் ரத்தமுமாகப் போனது. காட்டுப் பக்கம் போய்விட்டு வந்து உட்காருவதற்குள் மறுபடியும் எழுந்து ஓடுவான். கடைசியில் எழுந்திருக்கவே முடியவில்லை. சரக்கு வண்டியில் சாக்குகளுக்கு நடுவே படுக்க வைத்து, ஒடுகத்தூர் வழியாக வேலூருக்குக் கொண்டுபோனார்கள். வளைவுக்கு வளைவு அவன் தலை அவள் மடியில் உருண்டது. கையில் மருதாணி முழுசாக அழியாத பெண், அவன் மூச்சு வருகிறதா என்று மூக்கில் விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே போனாள்.

ரத்தம் ஏற்றிப் பிழைக்க வைத்த பெரிய டாக்டர் அவளிடம் ஒன்றுதான் சொன்னார். “இது போற நோய் இல்லம்மா, அடங்கி இருக்கிற நோய். மாத்திரைய மட்டும் நிறுத்தாதீங்க.” அந்த ஒரு வார்த்தையை அவள் பிடித்துக்கொண்டாள். அதற்குப் பிறகு ஒரு வேளை தப்பியதில்லை. சந்தைக்குப் போனால் இடுப்பு முடிச்சில் மாத்திரை போகும். இழவு வீட்டுக்குப் போனாலும் போகும். அந்த மாத்திரைக்கு ஒரு குணம். சிறுநீர் மஞ்சளாகப் போகும், வேர்வையும் மஞ்சளாகக் கசியும். அவனுடைய பனியன் எல்லாம் கழுத்தோரமும் அக்குளும் மஞ்சள் பூத்திருக்கும். சோப்புக் கட்டி தேய்ந்ததே தவிரக் கறை போகவில்லை. தேவயானிக்கு அதில் வருத்தமில்லை. மஞ்சளாக இருந்தால் மருந்து உள்ளே போயிருக்கிறது என்று அர்த்தம். அவன் வயிறு அடங்கியது. உடம்பு தேறியது. பழையபடி மரமேறினான்.

பிள்ளைதான் வரவில்லை.

ஒரு வருஷம் பார்த்தார்கள். இரண்டு வருஷம் பார்த்தார்கள். அப்புறம் பார்க்கிறவர்கள் எல்லோரும் தேவயானியின் வயிற்றைத்தான் பார்த்தார்கள். போளூரில் ஒரு பெண் டாக்டர், வேலூரில் இன்னொருத்தி. ஸ்கேன் எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், எல்லாம் நார்மல் என்றார்கள். எல்லாம் சரியாக இருக்கிறவளுக்கு ஏன் ஒன்றும் நிற்கவில்லை என்று கேட்டால் கடவுளைக் கைகாட்டினார்கள். படவேட்டுக்குப் போய் அம்மனிடம் அழுதுவிட்டு வந்தாள். மாதா மாதம் தேதி தள்ளிப் போகிற ஒரு நாள், அரை நாளில் அவள் மனசு எங்கெங்கோ போய்விட்டு வரும். பிறகு அடிவயிறு வலிக்கும். அந்த வலி வரும்போது மாட்டுக் கொட்டகைக்குப் போய் நின்றுகொள்வாள். மாடு யாரிடமும் போய்ச் சொல்லாது.

அவள் மாமியார் ராணியம்மாள் கெட்டவள் அல்ல. வாய்தான் கொஞ்சம் நீளம். அந்த வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. ஆனி பிறந்து மழை இறங்கினதும் சாமை விதைப்பார்கள். விதைக் கூடையிலிருந்து முதல் பிடி அள்ளிப் போடுவது பிள்ளை பெற்ற கையாக இருக்க வேண்டும். இத்தனை வருஷமும் ராணியம்மாளே போட்டாள். இந்த வருஷம் அவளுக்கு முழங்கால் வீக்கம். மேட்டுக் கொல்லை ஏற முடியவில்லை. தேவயானி கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு கிளம்பினாள். இந்த முறை தன்னைத்தான் சொல்வாள் என்று ஒரு நினைப்பு.

“கூடைய எறக்கி வைடி,” என்றாள் ராணியம்மாள். “பாஞ்சாலைய கூப்ட்டிருக்கேன். அவ வந்து போடட்டும்.”

பாஞ்சாலை பக்கத்து வீட்டுக்காரி. மூன்று பிள்ளைகள், கடைசியானது இன்னும் பால் குடிக்கிறது. அவள் வந்து, அந்தக் குழந்தையைத் தேவயானியின் கையில் கொடுத்துவிட்டு விதையைப் போட்டாள். தேவயானி தன் கொல்லையின் வரப்பில் அடுத்தவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நின்றாள். பிள்ளை அவள் தாலிக் கயிற்றைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டது. பிடுங்க மனசு வரவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் ராணியம்மாள் மகனிடம் இன்னொரு பெண்ணைப் பார்க்கலாமா என்று மெதுவாகக் கேட்டதும் அவள் காதில் விழுந்தது. “சொம்மா இரும்மா,” என்று அவன் சொன்னதும் விழுந்தது. ஆனால் எத்தனை நாளைக்குத்தான் ஒருத்தன் அப்படியே சொல்லிக்கொண்டிருப்பான்?

அதனால்தான் அடுத்த முறை சின்னராஜ் மாத்திரை வாங்க வேலூர் கிளம்பியபோது அவளும் கூடப் போனாள். அவனைக் காட்டிவிட்டுத் தானும் இன்னொரு பெண் டாக்டரைப் பார்ப்பது என்று திட்டம். அவனுக்கு வழக்கமாகக் குடல் பார்க்கிற ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். அவர் இடத்தில் அபிநயா என்று ஒரு இளம் டாக்டர் இருந்தாள். வயிற்றை அமுக்கிப் பார்த்தாள், எத்தனை தடவை போகிறது, ரத்தம் உண்டா என்று கேட்டாள். எல்லாவற்றுக்கும் தேவயானிதான் பதில் சொன்னாள்.

“குழந்தைங்க எத்தனைங்க?” என்றாள் டாக்டர்.

“இல்லீங்க. எங்கிட்டதான் ஏதோ கோளாறு. எதுலயும் தெரியமாட்டேங்குது.”

டாக்டர் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்தினாள். பழைய சீட்டை எடுத்து மறுபடியும் பார்த்தாள். பிறகு சின்னராஜைப் பார்த்து, “உங்களுக்கு டெஸ்ட் எடுத்தாங்களா?” என்றாள்.

அவன் தேவயானியைத் திரும்பிப் பார்த்தான். “எனக்கு வயித்துலதானுங்களே நோவு.”

இதுதான் நடந்தது. குடல் டாக்டரிடம் முதலில் போனபோது அவன் கல்யாணம் ஆகாத பையன், பிள்ளையைப் பற்றிப் பேச அவசியம் வரவில்லை; கல்யாணத்துக்குப் பிறகு தூக்கிக்கொண்டு போனபோது உயிர் பிழைத்தால் போதும் என்றிருந்தது. பிள்ளை டாக்டரிடம் போனபோது எல்லோரும் பெண்ணை மட்டும்தான் படுக்க வைத்துப் பார்த்தார்கள். நீ ஏதாவது மருந்து சாப்பிடுகிறாயா என்று அவளைக் கேட்டார்கள். இல்லை என்றாள். உன் புருஷன் சாப்பிடுகிறானா என்று யாரும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. புருஷனின் குடலுக்கும் தன் வயிற்றுக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் இருந்தது. அந்த மஞ்சள் மாத்திரை குடலுக்கு நல்ல மருந்து, ஆனால் சில ஆண்களுக்கு விந்தணுவைக் குறைத்துவிடும் என்று டாக்டர் பொறுமையாகச் சொன்னாள். நிறுத்தினால் இரண்டு மூன்று மாதத்தில் திரும்பி வந்துவிடும், நிரந்தரச் சேதம் கிடையாது. அன்றைக்கே டெஸ்ட் எடுத்தார்கள். “கொஞ்சம்தான் இருக்குது. இருக்கிறதும் சோம்பேறியா இருக்குது,” என்றாள் டாக்டர். சின்னராஜ் வெட்கத்தில் சிரித்துவிட்டான்.

“மாத்திரைய நிறுத்திடலாங்களா?” என்றான்.

“நிறுத்தக் கூடாது. மாத்தணும். இதே வகைதான், ஆனா இந்தத் தொந்தரவு இதுல இல்ல. பெரும்பாலும் ஒத்துக்கும். சில பேருக்குக் குடல் மறுபடி கிளம்பலாம்.” டாக்டர் தேவயானியின் பக்கம் திரும்பினாள். வீட்டில் பொறுப்பு யாரிடம் என்று அதற்குள் அவளுக்குப் புரிந்துவிட்டது. “ரத்தம் வந்தா அன்னிக்கே இங்க வரணும். நாளைக்குப் பாக்கலாம்னு இருக்கக் கூடாது. சரிங்களா?”

தேவயானி தலையாட்டினாள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தவளுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. கண்டக்டர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் எந்த இடத்தில் அழ ஆரம்பித்தாள் என்று அவளுக்கே தெரியாது. இத்தனை வருஷம் அம்மனிடம் கேட்டது ஒரு வாய், அதைத் தடுத்தது அவளுடைய இதே கை. வேளை தவறாமல், வாயைத் திறந்து காட்டச் சொல்லி, நின்று கொடுத்த கை.

“நான்தான மாமா குடுத்தேன்,” என்றாள்.

“நீ குடுக்கலன்னா நான் இங்க உன் பக்கத்துல குந்தியிருக்க மாட்டேன்,” என்றான் அவன். “அழுவாத. எல்லாரும் பாக்கறாங்க.”

வீட்டுக்கு வந்ததும் அவனே அம்மாவிடம் சொன்னான். சுற்றி வளைக்கவில்லை. “கொற எங்கிட்டதாம்மா, அந்த மஞ்ச மாத்திரையால வந்தது. அவகிட்ட ஒண்ணுமில்ல. இனிமே அவள ஒரு வார்த்த சொல்லக் கூடாது.” “அந்தக் கருமத்த தூக்கி ஓடையில போடு,” என்று ராணியம்மாள் எழுந்தாள். மிச்சமிருந்த மஞ்சள் மாத்திரைகளைத் தேவயானி அதற்குள் எடுத்து ஒளித்துவிட்டாள். “மாத்திரைய நிறுத்தக் கூடாது அத்த. வேற குடுத்திருக்காங்க,” என்றாள். மாமியாரிடம் அவள் அப்படி முகத்துக்கு நேராகப் பேசியது அதுதான் முதல் முறை.

புது மாத்திரை செங்கல் நிறத்தில் இருந்தது. ஆடி போய் ஆவணி வந்தது. பனியனில் மஞ்சள் மங்கிக்கொண்டே வந்து, ஒரு நாள் புதுப் பனியன் ஒன்று துவைத்துப் போட்டபோது வெள்ளையாகவே காய்ந்தது. கொடியில் அது ஆடுவதைத் தேவயானி வேலையை விட்டுவிட்டு நின்று பார்த்தாள். பனியனைப் பார்த்து இப்படி மயங்கி நிற்கிற பெண்ணை நீங்கள் எங்கேயாவது கண்டிருக்கிறீர்களா? அவளுக்கு அந்த வெள்ளை அவ்வளவு பிடித்திருந்தது.

ஆசை என்பது அடக்கி வைத்திருக்கிற வரைக்கும்தான் அடங்கும். வழி இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் அது கேட்காது. மெல்லிய பழைய நூல் புடவை ஒன்றை எடுத்துக் கொதிநீரில் அலசி, நிழலில் உலர்த்தி, மடித்துப் பெட்டிக்கு அடியில் வைத்தாள். யாருக்கு என்று யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. குழாயடியில் குடத்தை நிறைத்து இடுப்பில் ஏற்றியதும் உடனே நடக்கமாட்டாள். இடுப்பை ஒரு பக்கம் சாய்த்து, குடத்தைக் கையால் வளைத்துக்கொண்டு சும்மா நிற்பாள். அந்தக் கனம் அவளுக்கு வேண்டியிருந்தது. பாஞ்சாலையின் குழந்தைக்கு நகம் வெட்டிவிட்டாள். குழந்தை தூங்கின பிறகும் அந்தக் கையை விடவில்லை. பெயர் கூட யோசித்தாள். யோசிக்கக் கூடாது என்று தெரிந்தும் யோசித்தாள்.

ஐப்பசியில் சாமை முற்றியது. அறுப்பு தொடங்கிய அந்த வாரம் அவளுக்குத் தேதி தள்ளிப் போயிருந்தது. ஒரு நாள், இரண்டு நாள் எல்லாம் இல்லை, வாரமே தாண்டிக்கொண்டிருந்தது. யாரிடமும் மூச்சு விடவில்லை. சொன்னால் கலைந்துவிடும் என்று பயம். அறுக்கும்போது குனிந்து நிமிர்வதைக்கூடப் பதமாகச் செய்தாள்.

ஒரு நாள் காலையில் விறகுச் சுள்ளி பொறுக்கக் காட்டோரம் போனாள். மழை ஈரம். கடுக்காய் மரத்துக்குக் கீழே, சின்னராஜ் வழக்கமாக ஒதுங்குகிற பக்கம், மண்ணில் ரத்தம் கிடந்தது. சளியோடு, புதுசாக. ஆட்டு ரத்தமா, பன்றி ரத்தமா என்று அவளுக்குக் குழப்பமே இல்லை. அந்த ரத்தத்தை அவளுக்கு நன்றாகத் தெரியும். அதை அவள் தன் புடவையிலிருந்து அலசிப் போக்கியிருக்கிறாள்.

அன்றைக்கே வரணும் என்று டாக்டர் சொன்னது அவளுக்கு ஞாபகம் வந்தது. வராமல் இருக்குமா? முதல் பஸ் இன்னும் போகவில்லை. ஓடிப்போய் அவனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் ஏற்றியிருக்கலாம். போனால் என்ன சொல்வார்கள்? பழைய மாத்திரையையே போடு என்பார்கள். வயிற்றில் தங்கியிருந்தால் பரவாயில்லை. தங்கவில்லை என்றால்? திரும்பவும் மஞ்சள், திரும்பவும் மாட்டுக் கொட்டகை, திரும்பவும் அடுத்தவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரப்பில் நிற்பது. இன்னும் கொஞ்ச நாள். உறுதியாகத் தெரிகிற வரைக்கும் கொஞ்ச நாள் மட்டும்.

காலால் இலைகளைத் தள்ளி அதை மூடினாள். சுள்ளிக் கட்டைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

அவளை யாராவது பாவி என்று சொன்னால் சொல்லிக்கொள்ளட்டும். அவளே சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்டே காரம் இல்லாமல் சமைத்தாள், சோற்றைக் குழைய வடித்தாள், தயிரைக் கடைந்து நீராக்கி ஊற்றினாள். காரத்தால் வந்த ரத்தமாக இருக்கும், மூலமாக இருக்கும், உடம்புச் சூடாக இருக்கும் என்று ஒவ்வொரு நாளும் ஒரு காரணம் தேடினாள். மாத்திரையைக் கொடுக்கும்போது அவன் வாயைத்தான் பார்த்தாள், முகத்தைப் பார்க்கவில்லை. முகம் வெளுத்துக்கொண்டு வந்தது. அரைஞாண் கயிறு இடுப்பில் தொளதொளத்தது. அவன் கொல்லையிலிருந்து அடிக்கடி எழுந்து போனான், திரும்பி வந்து அரிவாளைப் பிடித்தான். ராத்திரி அவள் பக்கம் திரும்பிப் படுத்து அவள் வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டான். அந்தக் கை கொதித்தது. அப்போதும் அவள் வாயைத் திறக்கவில்லை.

களத்தில் கதிரைப் போட்டு அடித்துக்கொண்டிருந்த அன்றைக்குக் கட்டோடு சேர்ந்து சரிந்தான். ராணியம்மாள் ஐயோ என்று தலையில் அடித்துக்கொண்டாள். தேவயானி அலறவில்லை. வண்டி பிடித்தது, ஏற்றியது, டாக்டருக்குப் போன் போட்டது எல்லாம் அவள்தான். இதற்காகவே காத்திருந்தவள்போல அத்தனையும் சரியாகச் செய்தாள்.

வேலூரில் படுக்கை போட்டு ஊசியும் பாட்டிலுமாக ஏற்றினார்கள். உயிருக்கு ஆபத்தில்லை என்று தெரிந்த பிறகுதான் டாக்டர் அபிநயா அவளைத் தனியாகக் கூப்பிட்டாள்.

“ரத்தம் எப்பருந்து போகுதுங்க?”

தேவயானி தரையைப் பார்த்தாள்.

“அன்னிக்கே வந்திருந்தா மருந்த கூட்டிக் குடுத்து அடக்கியிருக்கலாம். பழைய மாத்திரைக்கே போகணும்னுகூட இல்ல. இந்த அளவுக்கு விட்டுட்டீங்களே.” டாக்டருக்குக் கோபம்தான், ஆனாலும் குரலை உயர்த்தவில்லை. “குழந்தைக்காகத்தான் பாத்தீங்கன்னா, ஒண்ணு சொல்றேன். குடல் இப்படிக் கிளம்பி இருக்கிறப்ப ஆம்பளைங்களுக்கு விந்தும் கெட்டுப் போகும். நீங்க காத்துக்கிட்டிருந்த நாள் எல்லாம் எதுக்கும் ஆகல. வயிறு அடங்கட்டும். அடங்கி ஒரு ஆறு மாசம் போகட்டும். அப்புறம் ஆசைப்படுங்க. வழி இருக்குது.”

அன்றைக்கு மத்தியானம் ஆஸ்பத்திரிக் கக்கூஸில் அவளுக்குத் தூரம் வந்தது. எதுவும் தங்கியிருக்கவில்லை. வலிகூடப் பெரிதாக இல்லை. பக்கத்தில் கொட்டகை இல்லாததால் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து அவன் கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவன் விழித்துக்கொண்டுதான் இருந்தான்.

“வந்துடுச்சு மாமா,” என்றாள்.

அவன் அவளைப் பார்த்தான். புரிந்துகொண்டு கண்ணை மூடினான்.

“இன்னொண்ணு சொல்லணும். காட்டோரம் நான் ரத்தத்த பாத்தேன். அறுப்பு ஆரம்பிச்ச வாரத்துலயே. பாத்துட்டு சொம்மா இருந்துட்டேன்.”

“தெரியும்.”

“இன்னா தெரியும்?”

“நீ பாத்தது தெரியும். காலால எலைய தள்ளி மூடின. நான் மேல பாற மறைவுலதான் நின்னுக்கினு இருந்தேன்.”

பக்கத்துக் கட்டிலில் யாரோ இருமினார்கள். அவன் மெதுவாக, மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னான்.

“நீ கூப்புடுவ, திட்டுவ, இழுத்துக்கினு போவன்னு பாத்துக்கினே நின்னேன். ஒரு வேள மாத்திரைய விட்டா ஊரக் கூட்டறவ நீ. நீ பேசாம சுள்ளிய தூக்கிக்கினு போன. அப்பதான் உனக்கு எவ்ளோ ஆசன்னு எனக்குத் தெரிஞ்சிது. சரி, ஒரு புள்ளயக் குடுத்துட்டு அப்புறம் உசுரு போனாலும் போவட்டும்னு இருந்துட்டேன்.”

அவள் உடைந்துபோனாள். வாயில் முந்தானையை வைத்து அடைத்துக்கொண்டாலும் சத்தம் வந்துவிட்டது. நர்ஸ் எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். அழுது ஓய்ந்தபோது அவன் கை அவள் தலைமேல் இருந்தது. ஊசி குத்தின கை, தூக்க முடியாமல் தூக்கி வைத்திருந்தான்.

“எனக்குப் புள்ள வேணும்,” என்றாள் அவள். “பொய் சொல்லமாட்டேன். இப்பவும் வேணும். ஆனா நீ இல்லாத வூட்ல அதத் தூக்கி வெச்சிக்கினு நான் யாராண்ட காட்டுவேன்? யோசிச்சியா நீ?”

அவன் கை இறங்கி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது.

“இனிமே நான் சொம்மா இருந்தாலும் நீ சொம்மா இருக்காத. நான் கண்ண மூடிக்கினா நீ சொல்லணும். எங்கிட்ட சொல்ல முடியலன்னா டாக்டராண்ட போன் போட்டு சொல்லு. சத்தியம் பண்ணு.”

“சரி.”

“சரின்னா போதாது.”

“சத்தியம்,” என்றான் அவன். பிறகு கொஞ்சம் கழித்து, “அப்ப மறுபடியும் மொதல்லேந்தா?” என்று கேட்டான்.

“மொதல்லேந்துதான். டாக்டரம்மா வழி இருக்குதுன்னு சொல்லியிருக்காங்க.”

அவன் தூங்கிப்போனான். தேவயானி ஸ்டூலைவிட்டு எழுந்திருக்கவில்லை. பிரசவ வார்டு மேல் மாடியில் இருந்தது. பிறந்த பிள்ளை ஒன்று அங்கே விட்டு விட்டு அழுதது. அந்தச் சத்தத்துக்கு அவள் உடம்பு முழுக்கக் காதாக இருந்தது. அவளுக்கு ஆசை ஒரு பொட்டும் குறையவில்லை. இந்த நிமிஷம் எழுந்து மாடிப்படி ஏறினால், கண்ணாடிக்கு வெளியே நின்று ஒரு பார்வை பார்த்துவிட்டு வரலாம். யாரும் தடுக்கமாட்டார்கள். சின்னராஜின் கை இன்னும் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தது. அவள் போகவில்லை.